செத்த கையின் வலி

சிட்டிபாபுவின் வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கும். அதில் எரிகிற தீக்குச்சியை வைத்து அணைத்தாலும் அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை பைக் சைலன்சரில் பட்டு முழங்கைக்குக் கீழே தோல் வெந்தபோது, வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். ஆனால் உள்ளுக்குள் அந்தக் கை நாள் முழுக்க எரியும். கொதிக்கிற எண்ணெயில் மணிக்கட்டு வரை முக்கிப் பிடித்திருக்கிற மாதிரி என்பான். நடுநடுவே விரல் நுனியிலிருந்து கழுத்து வரை கரண்ட் அடிக்கும். பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ யோசிக்கிறான் என்று நினைப்பார்கள்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸில் டிரைவராக இருந்தவன். சில வருஷங்களுக்கு முன்னால் டூட்டி முடிந்து பைக்கில் ஓரிக்கைக்குத் திரும்பும்போது வாலாஜாபாத் ரோட்டில் ஒரு லாரி தட்டிவிட்டது. விழுந்த வேகத்தில் கைக்குப் போகிற நரம்புகள் கழுத்துத் தண்டிலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டன. இனி ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதிலிருந்து அவனைப் பார்த்துவந்தவர் டாக்டர் சிவபாலன். காஞ்சிபுரத்தில் சொந்தமாக எலும்பு ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். நரம்பு மாத்திரை, கரண்ட் வைப்பது, கழுத்தில் ஊசி என்று என்னென்னவோ செய்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதிக்கொடுத்தார். ஒரு வாரத்தில் சிட்டிபாபு தன் மனைவி கிரேஸிடம் சொன்னான்: "எரியறது நிக்கல கிரேஸு. ஆனா இப்ப அடுத்த வூட்டுல எரியற மாதிரி இருக்குது."

அது போதுமாக இருந்தது. அவன் ராத்திரியில் தூங்கினான். மகள் ஏஞ்சலுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். பட்டு எடுக்க வரும் வெளியூர்க்காரர்களின் கார்களுக்கு இடம் விடுகிற பார்க்கிங் ஒன்றை வீராசாமி என்பவர் நடத்திவந்தார். அங்கே வேலை கிடைத்தது. வாயில் விசில், இடது கையில் சிவப்புத் துணி. நெருக்கியடித்து வரும் கல்யாண சீசன் கார்களை அவன் ஒருவனே ஒழுங்கு செய்துவிடுவான். கிரேஸ் காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக் கடையில் விற்பனைக்கு நின்றாள். இரண்டு சம்பளம். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத மூன்று வருஷம்.

அதன் பிறகு செவிலிமேட்டுப் பக்கம் ஒரு காலி மனையில் இரண்டு வாலிபர்கள் மயங்கிக் கிடந்தார்கள். அதே வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றியிருந்தார்கள். ஒருவன் பிழைக்கவில்லை. பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது. அதிகாரிகள் மருந்துக் கடைக்காரர்களையும் டாக்டர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். அந்த வாரமே ஊரில் எந்தக் கடையிலும் அந்த மாத்திரை இல்லை. இருந்தது என்று யாரும் ஞாபகம் வைத்திருக்கவும் இல்லை.

மாத்திரை தீரப் போகிற சமயத்தில் கணவனும் மனைவியும் சிவபாலனைப் பார்க்கப் போனார்கள். அவர் சானிடைசரைக் கையில் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"இனிமே அத நான் எழுதறதில்ல. வேற எழுதித் தரேன்."

"வேற எதுவும் கேக்கலன்னுதான சார் நீங்களே இத எழுதுனீங்க?" என்றாள் கிரேஸ்.

"பழகிப்போச்சும்மா. அது இல்லாம இருக்கப் பழகணும். யோகா பண்ணச் சொல்லு. மனச வேற பக்கம் திருப்பணும். பாதி வலி மனசுலதான்."

மூன்று வருஷமாகச் சிட்டிபாபுவின் கழுத்து ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டி, 'பாரு, இங்கதான் பிடுங்கிக்கிச்சு' என்று விளக்கிய மனிதர் அவர். அந்த நரம்பு எப்போது மனசுக்குள் போனது என்று அவனுக்குப் புரியவில்லை. வெளியே வரும்போது, "கொறச்சிக் கொறச்சியாவது நிறுத்தியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னான்.

ஒரேயடியாக நின்றது. அடுத்த சில நாட்கள் அவனுக்கு வேர்த்து ஊற்றியது, குளிரடித்தது, வயிறு போய்க்கொண்டே இருந்தது. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. அதற்குமேல் எரிச்சல், அடுத்த வீட்டிலிருந்து கிளம்பி மறுபடி கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பனியன் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தான். ஏஞ்சல் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து முகம் துடைத்துக்கொள்வான்.

கிரேஸ் ஏறாத மருந்துக் கடை இல்லை. டாக்டர் எழுதிய பழைய சீட்டை நீட்டினால், கடைக்காரர்கள் முதலில் சீட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். காலிலிருந்து தலை வரை. ஒருவர், "யாருக்கு? உனக்கா?" என்றார். இன்னொருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பது போல ஒரு அடி தள்ளி நின்றார்.

வேணுகோபால் மட்டும் இனிமையாகப் பேசினார். அவர்கள் வழக்கமாக வாங்கும் மெடிக்கல் அவருடையதுதான். "எனக்குத் தெரியாதாம்மா உங்க கஷ்டம்? சாயங்காலம் அவர வரச் சொல்லு. ஏற்பாடு பண்ணி வெக்கறேன்."

சாயங்காலம் சிட்டிபாபு போனான். கடை வாசலில் மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். வேணுகோபால் கல்லாவிலிருந்து தலை தூக்காமலே, மோவாயால் அவனைக் காட்டினார். மாத்திரை கேட்டு வருகிறவர்களின் பேரைச் சொன்னால் கடைக்குத் தொந்தரவு இருக்காது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. மற்றவர்களின் பேரைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. இவன் பேரைச் சொல்வதில் பயப்பட ஒன்றும் இல்லை.

கடை யூனிஃபார்ம் புடவையோடு கிரேஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். உள்ளே பினாயில் வாடையும் பஜ்ஜி வாடையும் கலந்து அடித்தது. சுவரோரமாக நாலு வாலிபர்கள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் ஐந்தாவதாக அவள் புருஷன். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

எஸ்.ஐ. பேப்பரில் வைத்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். "பாத்தியா, மருந்து இல்லன்னா எப்டி ஆடறான்னு. இதுதான் போதைக்கு அடையாளம்" என்று பக்கத்திலிருந்த ஏட்டிடம் பாடம் சொல்வது போலச் சொன்னார்.

"சார், அவருக்கு ஆக்ஸிடெண்ட்ல நரம்பு போயிடிச்சி சார். டாக்டர் எழுதித்தான் சாப்டுக்கினு இருந்தாரு. சீட்டு இருக்குது சார்." பிளாஸ்டிக் கவரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

எஸ்.ஐ. எண்ணெய் விரலால் மேல் சீட்டைத் தள்ளிவிட்டார். "இந்த மாதிரி நானே நூறு அடிச்சித் தருவேன். எந்த ஊரு நீங்க?"

"ஓரிக்கை சார்."

"ஓரிக்கைல எங்க? காலனியா?"

பதில் அவருக்குத் தேவையாக இல்லை. "அதான பாத்தேன்" என்று பஜ்ஜியைக் கடித்துக்கொண்டார்.

சிட்டிபாபுவை எழுந்து நிற்கச் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொன்னார். ஒற்றைக் கையால் பொத்தான் அவிழ்க்க நேரமானது. வலது கையில் சைலன்சர் தழும்பு, அடுப்புத் தழும்பு, எங்கே இடித்தது என்று தெரியாத காயங்களின் புள்ளிகள். எஸ்.ஐ. அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "ஊசி குத்தின எடம்."

"இல்ல சார். அந்தக் கைல எனக்குத் தொட்டாத் தெரியாது. சுட்டுக்கினது."

"தொட்டாத் தெரியாதா? அப்ப எங்கடா வலிக்குது?"

"உள்ள சார்."

மேஜையில் காகிதம் குத்துகிற குண்டூசி டப்பா இருந்தது. எஸ்.ஐ. அதிலிருந்து ஒன்றை எடுத்தார். சிட்டிபாபுவின் வலது கையைத் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே குத்தினார். சும்மா தொட்டுப் பார்க்கவில்லை. தலை வரை உள்ளே இறங்கும்படி குத்தினார். சிட்டிபாபுவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னொன்று எடுத்து முழங்கைக்குப் பக்கத்தில் குத்தினார். ஏட்டு சிரித்தார். சுவரோரம் இருந்த வாலிபர்களில் ஒருவன்கூடப் பயத்தில் சிரித்தான்.

"பாத்துக்கம்மா, உன் வூட்டுக்காரனுக்கு வலியே இல்ல" என்றார் எஸ்.ஐ.

கிரேஸுக்கு நாக்குக்கு அடியில் உமிழ்நீர் ஊறியது. வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுவது போல. போய் அந்த இரண்டு ஊசியையும் அவளே பிடுங்கினாள். சின்னச் சின்னதாக ரத்தம் வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். அப்போதுதான் கரண்ட் அடித்தது. சிட்டிபாபு உடம்பு வளைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேஜை விளிம்பைப் பிடித்தான். ஊசிக்காக இல்லை, அது தானாக வருகிற நேரம்.

"இப்ப நடிக்கறான் பாரு" என்றார் எஸ்.ஐ.

கிரேஸ் விடவில்லை. டாக்டருக்குப் போன் செய்யுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சலித்துப்போய் எஸ்.ஐ. ஸ்பீக்கரில் போட்டார். சிவபாலனின் குரல் தெளிவாகக் கேட்டது. "சிட்டிபாபுவா? தினம் எவ்வளவோ பேஷண்ட் வராங்க சார். அப்படி யாரும் ஞாபகம் இல்ல. அந்த மாத்திரைய நம்ம ஆஸ்பத்திரில எழுதறதே இல்ல."

போனை வைத்துவிட்டு எஸ்.ஐ. கிரேஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் மேஜையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவருடைய கையெழுத்தின் மேல் பஜ்ஜி எண்ணெய் படர்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பிடிபட்ட மாத்திரைகளை மேஜையில் கோலம் போல அடுக்கி, அதற்குப் பின்னால் ஐந்து பேரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிட்டிபாபுவிடம் ஒரு மாத்திரையாவது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கு எதுவும் எழுதாமல், கூப்பிட்டால் வர வேண்டும் என்று எச்சரித்து அவனை மட்டும் அனுப்பிவிட்டார்கள். போட்டோ அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. ஊர் வாட்ஸப் குரூப் எல்லாவற்றிலும் சுற்றி, ஏஞ்சலின் வகுப்பு குரூப் வரைக்கும் வந்தது.

வீராசாமி பார்க்கிங் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். "நான் உன்னத் தப்பா நெனைக்கலபா. வர்றவங்க குடும்பத்தோட வராங்க. யாராச்சும் போட்டோவப் பாத்துக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

ஏஞ்சல் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் நாள் தானே கிளம்பிப் போனாள். எவளோ ஏதோ கேட்டாளாம், இவள் டிபன் பாக்ஸால் அடித்துவிட்டாளாம். டீச்சர் கிரேஸைக் கூப்பிட்டு, "வீட்ல சூழ்நிலை அப்படி, நாங்க புரிஞ்சிக்கறோம்" என்றார். அந்தப் புரிதலைக் கேட்டபோது கிரேஸுக்கு, திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து அவள் வந்தபோது பின்கட்டில் டங் டங் என்று சத்தம் கேட்டது. சிட்டிபாபு அம்மிக் குழவியை இடது கையால் தூக்கி, கல்லின் மேல் கிடத்தியிருந்த தன் வலது கையை அடித்துக்கொண்டிருந்தான். குறி தப்பிப் பாதி அடி கல்லில் விழுந்தது. விரல்கள் நசுங்கி நீலமாக இருந்தன. அவள் குழவியைப் பிடுங்கியதும் அழுதான். "இத வெட்டிடச் சொல்லு கிரேஸு. எங்கயாச்சும் இட்டுக்கினு போயி வெட்டிடு. எனக்கு வேணாம்."

"வெட்டுனா நிக்குமா மாமா?" என்றாள் அவள். நிற்காது என்று சிவபாலன் முன்பே சொல்லியிருந்தது இருவருக்கும் தெரியும். கை போனாலும் எரிவது போகாது.

விரல்களுக்குச் சுற்ற பேண்டேஜ் வாங்க வேணுகோபால் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது, பக்கத்தில் அதுதான். அவர் பேண்டேஜைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, காதில் சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நடந்ததுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியலம்மா. என் நெலம அப்டி. இப்ப வேணும்னா சொல்லு. முன்னால வராத. பின்னால சந்துப் பக்கம் வா. வெல மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன ஆவும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்த முகத்தையே பார்த்தாள். கூச்சம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். வியாபாரம் பேசுகிற முகம்தான் இருந்தது. மாத்திரை இவரிடம் எப்போதும் இருந்திருக்கிறது. சீட்டோடு முன்வாசலில் வந்தவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டு, சீட்டில்லாமல் பின்வாசலில் வருகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். படியிறங்கிச் சாக்கடை ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள். வேணுகோபால் உள்ளேயிருந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

அந்த மாத்திரை வேண்டாம் என்றுதான் வீட்டுக்குப் போனாள். நசுங்கிய விரல்களுக்குக் கட்டுப் போட்டாள். சிட்டிபாபு அதைக் கவனிக்கவே இல்லை. அந்த விரல்களுக்கு உள்ளே எங்கோ எரிந்துகொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாய்வதற்குள் அவள் அந்தச் சந்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், கண் செருகிய வாலிபர்கள். ஒருவன் ஒதுங்கி, "நீ மொதல்ல வாங்கிக்கக்கா" என்றான். அவளையும் தங்களில் ஒருத்தியாக நினைத்து அவன் காட்டிய அந்த மரியாதை அவள் உடம்பெல்லாம் ஊர்ந்தது. பின்கதவு விரலளவு திறந்தது. ஒரு கை வெளியே வந்து அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனது. கையில் இருந்த மோதிரம் வேணுகோபாலுடையது.

அன்று சிட்டிபாபு தூங்கினான். அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த அட்டை தீர்வதற்குள்தான் டாக்டர் சிவபாலன் அவள் வேலை செய்யும் கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மனைவி பெரியநாயகியும் மகளும் முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையை மேலே போட்டுக் காட்டுவது கிரேஸின் வேலை. மாம்பழ நிற உடலில் அரக்குக் கரை கோத்து நெய்த ஒரு கோர்வைப் புடவையைத் தன் தோளில் போட்டு, முந்தியை விரித்துக் காட்டினாள்.

"நல்லாருக்குதில்ல?" என்று பெரியநாயகி கணவரைக் கேட்டாள். அவர் நிமிர்ந்தார். புடவையைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த முகத்தையும் பார்த்தார். போனை மெதுவாகச் சட்டைப் பையில் வைத்தார்.

"சிட்டிபாபு வீட்டம்மாதான நீ?" என்றார். வாய் தவறி வந்துவிட்டது.

"ஆமா சார். ஞாபகம் வந்துடிச்சிங்களா?"

அவர் எழுந்து கண்ணாடி அலமாரிப் பக்கம் போய்க் கண்ணால் கூப்பிட்டார். கிரேஸ் தோளில் புடவையோடே போனாள்.

"புரிஞ்சிக்கம்மா. மீட்டிங்ல எங்கள உக்கார வெச்சி, யார் யார் இத எழுதறீங்கன்னு பேர் கேட்டாங்க. பார்த்துப் பார்த்துக் கட்டின ஆஸ்பத்திரி. நாளைக்கு ஏதாவதுன்னா என் லைசென்ஸ் போயிடும்."

"எழுதக் கூடாதுன்னு சொன்னாங்களா சார்?"

அவர் கண்ணாடியில் தன் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அப்படிச் சொல்லல. பாத்து எழுதுங்கன்னாங்க. கணக்கு வெச்சிக்கங்கன்னாங்க."

"அப்ப எழுதலாம்."

"எழுதலாம்தான். ஆனா எதுக்கு வம்பு?"

அந்த வார்த்தையைக் கேட்டபோது கிரேஸுக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகின முட்டையை உடைத்துவிட்ட மாதிரி இருந்தது. யாரும் தடுக்கவில்லை. ஒரு சட்டமும் மாறவில்லை. இவருக்கு வம்பு வேண்டாம், கடைக்காரருக்குத் தொந்தரவு வேண்டாம், எஸ்.ஐ.க்கு வரிசையில் ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுக்குத்தான் தன் புருஷன் கையைக் குழவியால் அடித்துக்கொண்டான்.

"ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, இவரு எங்க பேஷண்ட்தான், நான்தான் எழுதுனேன்னு சொல்லுங்க சார்."

"முடிஞ்சதக் கிளறாதம்மா. கேஸ்தான் போடலையே."

"எப்ப வேணா கூப்டுவோம்னு சொல்லியிருக்காங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் இங்கயே நிப்பேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் குறைக்கவும் இல்லை. "குண்டூசி எடுத்து அந்தக் கைல குத்துனாங்க சார். சொருவிப் பாத்தாங்க. வலிக்கலன்னு சிரிச்சாங்க. அந்தக் கைல தொட்டாத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியது யாரு? நீங்களா, நானா?"

பக்கத்துப் பாயில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பெரியநாயகி எழுந்து வந்தாள். "இன்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல. பேஷண்ட் வீட்டுக்காரங்க."

"எல்லாரும் பாக்கறாங்க. கேக்கறத பண்ணித் தொலைங்களேன். கல்யாணப் பொடவ எடுக்க வந்த எடத்துல இதெல்லாம்." அவளுக்கு என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ள அக்கறை இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும்.

சிவபாலன் போன் செய்தார். "ஆமா சார், அன்னிக்கு ஞாபகம் வரல. இப்பதான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். பழைய பேஷண்ட்தான். ஜெனுவின். நாந்தான் எழுதியிருக்கேன்." சொல்லும்போது கிரேஸைப் பார்க்கவில்லை. பேசி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே நீங்க எழுதித் தருவீங்களா சார்?"

"நான் வேணாம். சென்னைல பெரிய ஆஸ்பத்திரில வலிக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு. அங்க போ. அவங்க எழுதுவாங்க, அங்கயே மருந்தும் கிடைக்கும்."

"இது உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். பாயிலிருந்து மகள், "அம்மா, அந்தப் பொடவைய எடுத்துக்கினு வரச் சொல்லு, வெளிச்சத்துல பாக்கணும்" என்றாள். புடவை இன்னும் கிரேஸின் தோளில்தான் இருந்தது. போய் வெளிச்சத்தில் நின்று காட்டினாள். கரை கொஞ்சம் மங்கல் என்றார்கள். அடுத்ததைப் போட்டுக் காட்டினாள். அவர்கள் எடுத்து முடிக்கும் வரை காட்டினாள். அன்று மாலையே முதலாளி அவளை மாடியில் புடவை மடிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்.

சென்னை ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் கலைவாணி என்ற டாக்டர். வயது குறைந்தவர். சிட்டிபாபுவின் நசுங்கிய விரல்களைப் பார்த்ததும், "நீங்களே அடிச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். "இங்க வர்றவங்கள்ல நெறைய பேர் செய்றாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். சிட்டிபாபு அந்த ஒரு வார்த்தைக்கு உடைந்துபோய் அழுதான். திடீரென்று நிறுத்தியதால் வந்த நடுக்கமும் வேர்வையும் எந்த உடம்புக்கும் வரும், அதற்குப் பேர் போதை இல்லை என்றும் சொன்னார். மாத்திரை எழுதினார். கூடவே நரம்புக்கு வேறு மருந்தும் எழுதி, கழுத்தில் செய்துபார்க்கக்கூடிய ஒரு ஆபரேஷனைப் பற்றியும் சொன்னார். யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டும்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

"எங்க ஊர்ல கெடைக்காதா மேடம்?" என்று கிரேஸ் கேட்டாள்.

"கெடைக்கணும். கெடைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. நான் சொல்லிப் பாத்துட்டேன், கடைக்காரங்க வெக்க மாட்டேங்கறாங்க. மாசாமாசம் இங்கதான் வரணும். கஷ்டம்தான்."

மாசாமாசம் போனார்கள். பஸ்ஸில் சிட்டிபாபு காலடியில் பையை வைத்துக்கொண்டு, அதன்மேல் கால் படாமல் பார்த்துக்கொண்டான். ஒரு தடவை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திச் சோதித்தார்கள். கடிதத்தைக் காட்டினான். போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு, டாக்டருக்குப் போன் போடாமலே திருப்பிக் கொடுத்தார்.

எரிச்சல் அடுத்த வீட்டுக்குப் போனது. அடிபட்ட விரல்களில் ஒன்று கோணலாகவே சேர்ந்துகொண்டது. வீராசாமி திரும்பக் கூப்பிடவில்லை. கேட்கவும் சிட்டிபாபு போகவில்லை. வேணுகோபாலைப் பற்றி யாரோ மனு எழுதிப் போட்டார்கள் என்று சோதனைக்கு வந்தார்கள். சந்துப் பக்கம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. கடை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சிட்டிபாபுவுக்கு செவிலிமேட்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிட வேண்டும். குரல் போதும், கை வேண்டாம். பஸ் ஓட்டின காலத்திலிருந்தே அவனுக்குக் கணீரென்ற குரல். ஏஞ்சலுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பாவோடு கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வருகிற வழியில் கிரேஸ் அந்த ஸ்டாண்டில் இறங்கினாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஆட்டோவிலிருந்து ஒரு டிரைவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத குரலில், தினமும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்:

"ஏ மாத்திர, இங்க ரெண்டு சீட்டு இருக்குதுபா."

சிட்டிபாபு திரும்பிப் பார்த்தான். "தோ வரேன்" என்றான். அந்தப் பேருக்கு அவன் பழகியிருந்தான். கிரேஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் வாய்க்குள் மறுபடியும் அந்த உமிழ்நீர் ஊறியது. ரோட்டோரமாகத் திரும்பித் துப்பிவிட்டு, தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அவன் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.